பொம்மை வண்டி புகட்டிய பாடம்

(நமது பள்ளிவாசல் மக்தப் மதரஸாவின் கோடை விடுமுறை வகுப்பு நிறைவு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

      

இந்த மேடைக்கு வலப்புறம் மேசைமீது ஐந்து பொம்மைத் தீயணைப்பு வண்டிகள் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நுழைந்த பெரியவர் ஒருவர் அவற்றைக் கண்டுவிட்டு, "ஹஸ்ரத், மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறீர்களா, பொம்மைக் கடை வைத்திருக்கிறீர்களா?" என்று நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலையே இன்றைய உரையாக அமைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

சிறகு முளைத்த குதிரை

பொம்மை என்றதும் நமது நினைவுக்கு வருவது அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் அது பதிவாகியுள்ளது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பி வந்திருந்த சமயம். காற்றில் ஒரு திரை விலகியபோது, அன்னையவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் வெளியே தெரிந்தன. அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணிக் கிழிசல்களால் இரண்டு சிறகுகள் வைக்கப்பட்டிருந்தன. குதிரைக்குச் சிறகு உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். அது கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பல முறை பயானில் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒரு நுட்பத்தை இந்த விடுமுறையில்தான் கவனித்தோம். அந்தக் குதிரை இருந்தபடியே இருக்கவில்லை. பழந்துணியைக் கொண்டு அதற்குச் சிறகு வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறகுக்குப் பின்னால் ஒரு வரலாற்றுச் செய்தி இருந்தது. ஏன் வைத்தாய் என்று கேட்டதும் காரணம் சொல்லவும் முடிந்தது. ஆக, பொம்மையைத் தன் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைப்பது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று.

நமது தாமிரபரணிக் கரையும் பொம்மைக்குப் பேர்போன மண்தான். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களை அறியாத வீடு நெல்லைச் சீமையில் உண்டா? அடுப்பு, பானை, உரல், அம்மி, ஆட்டுக்கல் என்று ஒரு சமையலறையையே கடைசல் பட்டறையில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றி, உள்ளங்கையில் அடங்கும்படி கொடுத்தார்கள். அவற்றை வைத்து விளையாடிய சிறுமி, தன் தாயின் சமையலறையையே சிறிய வடிவில் கண்டாள். அதில் எதுவும் அவளுக்கு அந்நியமாக இருக்கவில்லை.

இன்று கடையில் வாங்கும் தீயணைப்பு வண்டிப் பொம்மை அப்படிப்பட்டதன்று. அது யாரோ ஒரு நாட்டின் வண்டி. வானளாவிய கட்டடங்களுக்கான நீண்ட ஏணி அதன் முதுகில் படுத்திருக்கிறது. எழுத்தும் நமதன்று. சென்ற ஆண்டு மக்தப் மாணவன் ஒருவன் அத்தகைய பொம்மையொன்றைக் கொண்டுவந்து, "ஹஸ்ரத், இந்த வண்டியில தண்ணி எங்க இருக்கும்?" என்று கேட்டான். நாம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஏழாண்டு மதரஸாவில் கிதாபு ஓதிய நமக்குப் பதில் தெரியவில்லை.

தீப்பெட்டிக்குள் அடங்கிய வண்டி

அந்தக் கேள்விதான் இந்த ஐந்து வண்டிகளுக்கும் வித்து. பொம்மை வண்டிகளைப் பிரித்து, வண்ணம் மாற்றி, உறுப்புகள் சேர்த்துத் தம் ஊர் வண்டியைப் போல ஆக்கிக்கொள்வது உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் ஈடுபடும் பொழுதுபோக்காகும். நமது தமிழகத்திலேயே அரசுப் பேருந்துகளை அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கும் இளைஞர்கள் உண்டு.

சின்னஞ்சிறு உலோக வண்டிகள் உலகெங்கும் பரவியதற்குப் பின்னால் ஒரு தகப்பனின் கைவேலை இருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்னி என்னும் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர் ஜேக் ஓடெல். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். மகளுக்காக அவர் பித்தளையில் ஒரு சாலை உருளை வண்டியைத் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1953ஆம் ஆண்டு முதல் 'மேட்ச்பாக்ஸ்' என்னும் பெயரில் அத்தகைய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு குழந்தைக்காகச் செய்தது கோடிக்கணக்கான குழந்தைகளின் கைக்குப் போயிற்று.

நமது மாணவர்கள் செய்த முறையையும் சொல்லிவிடுகிறோம். வண்டியின் அடித்தட்டிலுள்ள திருகாணிகளைக் கழற்றி, மேற்கூட்டைத் தனியே எடுத்தார்கள். உப்புத்தாளால் பழைய வண்ணத்தைத் தேய்த்தெடுத்து, முதற்பூச்சு பூசி, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் சிவப்பு எனாமல் பூசினார்கள். நீண்ட ஏணியை அகற்றிவிட்டு, ஈர்க்குச்சிகளை ஒட்டி நமது வண்டியிலுள்ளதைப் போன்ற ஏணியைச் செய்தார்கள். சைக்கிள் வால்வு டியூப் தண்ணீர்க் குழாயாயிற்று. தீர்ந்துபோன பேனா ரீஃபில் நீர்பீய்ச்சும் முனையாயிற்று. கொலுசிலிருந்து உதிர்ந்த ஒரு மணி, வண்டியின் மணியாயிற்று. 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்' என்று ஒட்டுத்தாளில் எழுதி இருபுறமும் ஒட்டினார்கள். 101 என்ற எண்ணையும் மறக்கவில்லை.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். வண்ணத்தைக் கரைக்கும் தின்னர் எளிதில் தீப்பற்றக் கூடியது. தீயணைப்பு வண்டி செய்யப்போய் வீட்டில் தீ வைத்துக்கொள்ளக் கூடாது. அடுப்பு எரியும் இடத்திலும் காற்றோட்டமில்லாத அறையிலும் இவ்வேலை ஆகாது. அடுத்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வாறு மாற்றிய பொம்மைகளைக் கொடுக்க வேண்டாம். சிறு உறுப்புகள் தொண்டையில் சிக்கும். வண்ணம் வாய்க்குள் போகும். கடையில் வாங்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நாம் கைவைத்த பொம்மைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே இருக்கிறது?

பொம்மையை நமது ஊர் வண்டியாக மாற்ற வேண்டுமானால், நமது ஊர் வண்டி எப்படி இருக்கும் என்பது தெரிய வேண்டுமல்லவா? ஆகவே ஒரு நாள் முன்அனுமதி பெற்று, மாணவர்களைத் தீயணைப்பு நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்குள்ள வீரர்கள் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார்கள்.

தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் பெரும்பகுதி தண்ணீர்த் தொட்டிதான். வழக்கமான வண்டி ஒன்றில் 4,500 லிட்டர் பிடிக்கும். வண்டியை ஓட்டும் அதே எஞ்சினே பம்பையும் சுழற்றுகிறது. நிமிடத்திற்கு 2,250 லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று முழு வேகத்தில் ஓடினால், அத்தொட்டி எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்று வீரர் ஒருவர் கேட்டார். நமது மாணவி ஒருத்தி உடனே சொன்னாள், "ரெண்டே நிமிஷம்!" ஆகவேதான் அவர்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பீய்ச்சுகிறார்கள். ஆகவேதான் வண்டியில் பருத்த உறிஞ்சு குழாய்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. குளம், கிணறு, தொட்டி எதுவாயினும் அதில் அக்குழாயை இறக்கி மேலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வீரர்கள் எத்தகையவர்கள் என்பதையும் நமது பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளும் வெடிபொருள்களும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் உயிர்துறந்தனர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. நமது பகுதியில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு தெருக்களுக்குள் வந்தபோது, படகிலும் கயிற்றிலும் மக்களை மீட்டவர்களில் இத்துறையினரும் முன்னணியில் நின்றார்கள். ஐந்து வண்டிகளில் ஒன்றின் கூரைமேல் சிறிய ரப்பர் படகு ஒன்று இருப்பதைப் பாருங்கள். அதைச் செய்த மாணவனின் வீட்டிற்குள்ளும் அன்று தண்ணீர் புகுந்திருந்தது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைப் போலவே அவனும் காரணம் சொல்வான்.

தராவீஹ் இரவு

சகோதரர்களே! இனிச் சொல்லப்போவது நமக்குச் சுலபமான செய்தியன்று.

சென்ற ரமழானில் நமது தெருவில், பாய் நெய்யும் ஒரு சகோதரியின் வீட்டுப் பின்கட்டில் தீப்பிடித்ததை நீங்கள் அறிவீர்கள். காய்ந்த கோரைக் கட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த இடம். ஒரு பொறி போதும். நாமெல்லாம் அப்போது தராவீஹ் தொழுகையில் நின்றிருந்தோம். கிராஅத் ஓதிக்கொண்டிருந்த நமது செவியில் தீயணைப்பு வண்டியின் ஓசை விழத்தான் செய்தது. நெடுஞ்சாலையில் எங்கோ போகிறது என்று எண்ணி ஓதலைத் தொடர்ந்தோம். ஸலாம் கொடுத்துத் திரும்பிய பின்னரே, அந்த வண்டி நமது தெரு முனையில்தான் நிற்கிறது என்பது தெரிந்தது.

அது ஏன் அங்கேயே நின்றது? பள்ளிவாசல் முகப்பில் நமது இருசக்கர வாகனங்கள் நின்றிருந்தன. பூட்டிய வாகனங்கள். அவற்றின் உரிமையாளர்கள் முதல் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் தொழுதுகொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று நமது வண்டி என்பதை இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்கிறோம். வீரர்கள் முனையிலிருந்தே குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஏழெட்டு நிமிடம் அதில் போயிற்று. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தறி எரிந்தது. கோரை எரிந்தது. ஒரு மணமக்களின் பெயர்களை இட்டு அவர் பல நாட்களாக நெய்துகொண்டிருந்த பட்டுப் பாயும் எரிந்தது.

தீயில் சிக்கியவரையோ தண்ணீரில் மூழ்குபவரையோ காப்பாற்றுவதற்காகத் தொழுகையை முறித்துக்கொள்வது கடமையாகும் என்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அந்தச் சட்டத்தை மாணவர்களுக்கு நடத்தியவர்கள் நாம். அன்றிரவு அது நமக்குப் பயன்படவில்லை. ஏனெனில், ஆபத்து வெளியே எங்கோ இருக்கிறது என்று எண்ணினோம். தீயை அணைக்க வந்தவர்களுக்கு நாமே தடையாக நிற்போம் என்பது நமது கற்பனையிலும் இல்லை.

நான்கு மில்லிமீட்டர்

இப்போது மேசைமீதுள்ள பெரிய அட்டையைப் பாருங்கள். வண்டிகளைச் செய்து முடித்த பிள்ளைகள், அவற்றை ஓட்டுவதற்குத் தெரு வேண்டும் என்றார்கள். எந்தத் தெரு? நமது தெருவையே செய்வோம் என்று முடிவாயிற்று. உண்மையான வண்டி ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். இந்தப் பெரிய பொம்மை 16 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். ஆக ஐம்பதில் ஒரு பங்கு. தெருவையும் ஐம்பதில் ஒரு பங்காக வரையத் தீர்மானித்து, டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு நாட்கள் வீடு வீடாக, படி படியாக அளந்தார்கள். "ஹஸ்ரத் அளக்கச் சொன்னாங்க" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சிலர் நம்மீது வருத்தப்பட்டதும் நமக்குத் தெரியும்.

பள்ளிவாசல் முகப்பில் தெருவின் அகலம் சுவருக்குச் சுவர் பதினொன்றரை அடி. அதில் ஒன்றரை அடியை ஒரு படிக்கட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. மீதி பத்தடி. அட்டையில் அது 6.1 சென்டிமீட்டர். பொம்மை வண்டி உள்ளே போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒருவன் அழிரப்பரை வெட்டி, ஒரு இருசக்கர வாகனத்தின் அளவுக்கு ஒரு துண்டைச் செய்து சுவரோரமாக வைத்தான். கைப்பிடியின் அகலம் முக்கால் மீட்டர். அட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர். மீதி 4.6. வண்டிக்குத் தேவை 5.

நான்கு மில்லிமீட்டர் போதவில்லை. வண்டி நின்றுவிட்டது. உண்மைத் தெருவில் அது 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். ஒரேயொரு வாகனம், அதுவும் சுவரோடு ஒட்டி ஒழுங்காக நிறுத்திய வாகனம் போதும், தெருவை அடைப்பதற்கு. அன்றிரவு நின்றவை முப்பதுக்கும் மேல்.

கைதட்டிய பிள்ளைகள் மௌனமானார்கள். தீக்குள்ளான அந்த வீட்டின் சிறுமியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

குறுகிய தெருக்கள் நமக்கு மட்டும் உரிய குறையன்று. மர வீடுகள் நெருங்கி நின்ற இஸ்தான்பூல் நகரம் அடிக்கடி தீக்கிரையாகி வந்தது. பிரான்ஸில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவரின் முயற்சியால், 1720ஆம் ஆண்டளவில் அங்கே தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. சந்துகளுக்குள் வண்டி போகாது என்பதால், அப்படையினர் தண்ணீர்ப் பம்பைத் தோளில் சுமந்து ஓடினார்கள். தெருவை அகலமாக்க முடியாதவர்கள் பம்பைத் தெருவுக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். நாமோ, வண்டி போகக்கூடிய தெருவைப் போகமுடியாத தெருவாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

வழி அடைபட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் கண்ணீரோடு அறிந்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் கூடத்துக் கூரையில் பற்றிய தீ 94 பிஞ்சுகளைப் பறித்தது. குறுகலான வழியும் ஓலைக் கூரையும் சேர்ந்து செய்த கொடுமை அது. உயிர் போன பிறகு வழியை அகலப்படுத்துவது எல்லோருக்கும் தெரியும். உயிர் போவதற்கு முன்னால் செய்வதுதான் அறிவு.

மதீனாவில் ஒரு வீடு இரவில் குடியிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி எட்டியதும், தீயை மனிதருக்குப் பகையென்று சொல்லி, உறங்கும்போது அதை அணைத்துவிடும்படி கட்டளையிட்டவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணியவர்களும் அவர்களே. முள்ளையும் கல்லையும் அகற்றுவதைப் பற்றி நாம் பல ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். நாமே கொண்டுவந்து நிறுத்திய தொல்லையைப் பற்றிப் பேசியதில்லை.

ஹவுள் தண்ணீரும் ஒரு படிக்கட்டும்

அட்டையில் நீல நிறத்தில் ஒரு சதுரம் இருக்கிறதல்லவா? அது நமது பள்ளிவாசல் ஹவுள். இரண்டு நிமிடத்தில் தொட்டி காலியானால் அடுத்து எங்கே தண்ணீர் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, பொம்மையின் பின்புறம் பருத்த குழாயைப் பொருத்திய மாணவன் அதன் நுனியைக் கொண்டுபோய் அந்த நீலச் சதுரத்தில் வைத்தான். நாம் திகைத்துப்போனோம்.

பத்து முழத்துக்குப் பத்து முழம் என்பது ஹவுளுக்கு நமது முன்னோர் கைக்கொண்ட அளவு. அதாவது பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி. நான்கு அடி ஆழத்திற்குத் தண்ணீர் நிற்குமானால் 900 கன அடி. லிட்டர் கணக்கில் 25,000க்குக் குறையாது. ஐந்து தீயணைப்பு வண்டிகளை நிரப்பி, மீதமும் இருக்கும்! ஒளுச் செய்வதற்காக நாம் நிரப்பி வைத்திருக்கும் தண்ணீர் ஒரு மஹல்லாவின் உயிரைக் காக்கப் போதுமானது. ஆனால் அதன் அருகே வண்டி வர வேண்டும். அந்த நான்கு மில்லிமீட்டர் வேண்டும்.

ஆகவே நிர்வாகப் பெருமக்களிடமும் மஹல்லாவாசிகளிடமும் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பள்ளிவாசல் முகப்பில் எந்த வாகனமும் நிறுத்தக் கூடாது. மதரஸா மைதானம் காலியாகத்தான் கிடக்கிறது. நூறடி நடந்துவரும் காலடிகளுக்கும் நன்மை உண்டு. நமது வண்டி இன்று முதல் அங்கேதான் நிற்கும்.

இரண்டாவது, ஜும்ஆவிலும் தராவீஹிலும் பெருநாளிலும் இரண்டு வாலிபர்கள் முறைவைத்து வெளியே நிற்கட்டும். அபாய ஓசை கேட்டால் அவர்கள் நமக்குத் தெரிவிக்கட்டும். நாம் தொழுகையை நிறுத்தத் தயங்க மாட்டோம்.

மூன்றாவது, கோரை, ஓலை, துணிப் பொதி வைத்திருக்கும் வீடுகளில் அவற்றை அடுப்பிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் விலக்கி வையுங்கள். 101, 112 ஆகிய இரண்டு எண்களையும் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுதி வையுங்கள். எழுதித் தருவதற்கு மக்தப் பிள்ளைகள் வருவார்கள்.

நான்காவது வேண்டுகோள், முகப்பிலுள்ள அந்த ஒன்றரை அடிப் படிக்கட்டைப் பற்றியது. பிள்ளைகள் அதை அளந்துவிட்டு, யாருடையது என்று எழுதாமல் நமது முகத்தைப் பார்த்தார்கள். அது எந்த வீட்டாருடையதும் அன்று. நமது பள்ளிவாசலின் படி அது. மோதினார் அறைக்கு ஏறுவதற்காக எப்போதோ கட்டியது. அந்தப் படி நீங்கினால் தெரு முழுப் பதினொன்றரை அடியாகும். அட்டையில் 7 சென்டிமீட்டர். தவறிப்போய் ஒரு வாகனம் நின்றாலும் வண்டி அரை சென்டிமீட்டர் இடைவெளியோடு உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் அதையும் வைத்துப் பார்த்துவிட்டார்கள். வந்துவிடுகிறது.

மற்றவர்களின் படிகளை இடிக்கச் சொல்லும் தகுதி, முதலில் நமது படியை இடித்த பிறகே நமக்கு வரும். அறைக்கு உட்புறமாக வழி அமைத்துக்கொள்ளலாம் என்று மோதினார் அவர்களும் மனமுவந்து சம்மதித்துவிட்டார்.

ஓதிக் கொடுக்கிறீர்களா, பொம்மைக் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்ட பெரியவர் அவர்களே! இந்த விடுமுறையில் பிள்ளைகள்தாம் நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டு வண்டியை நமது ஊர் வண்டியாக மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வண்டிக்கு நமது ஊரில் இடமில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். இடம் கொடுக்க வேண்டியது இனிப் பெரியவர்களின் வேலை.

அடுத்த ஆண்டறிக்கை அச்சாகும்போது, வரவு செலவுக் கணக்கில் 'முகப்புப் படி இடித்த கூலி' என்று ஒரு வரி இடம்பெற வேண்டும். தொகை எவ்வளவாயினும் அதில் பாதி நமது பொறுப்பு.

எல்லாம் வல்ல அல்லாஹ், தீயினாலும் வெள்ளத்தினாலும் வரும் சோதனைகளிலிருந்து நமது மஹல்லாவையும், நமது ஊரில் வாழும் எல்லாச் சமுதாய மக்களையும் காப்பானாக! பிறரைக் காக்க விரைவோரின் பாதையில் தடையாக நில்லாதவர்களாக நம்மை ஆக்குவானாக! தறியை இழந்த அந்தச் சகோதரிக்கு இழந்ததைவிடச் சிறந்ததை வழங்குவானாக!

ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!